வீட்டுக்கு அடியில் எத்தனை பாகை

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அம்பிகையைத் தேடி வருகிறவர்கள் கதிரையிலும் கட்டிலிலும் தேடி நேரத்தை வீணாக்கக் கூடாது. குனிந்து பார்க்க வேண்டும். குசினிக்கும் அறைக்கும் நடுவில், பாயும் இல்லாமல் தலையணையும் இல்லாமல், வெறும் சீமெந்து நிலத்தில் கைகாலை விரித்துக்கொண்டு கிடப்பாள். நாற்பத்தாறு வயதுப் பெண், படித்தவள், வேலணையில் நாலு பேருக்குத் தெரிந்தவள், இப்படியா கிடப்பது என்று சொந்தக்காரர் முகத்தைச் சுளித்துச் சுளித்து அலுத்துப்போனார்கள். ஏன் கலியாணம் கட்டவில்லை என்று யாராவது வாயைக் கொடுத்தால், "கட்டில் வாங்க வேண்டி வரும், அதுதான்" என்பாள். அது பாதி பகிடி. மற்றப் பாதி என்னவென்று அவளுக்கே சரியாகத் தெரியாது.

நிலத்தில் கிடப்பது அவளுக்குச் சும்மா சுகம் மட்டுமில்லை, தொழிலும் அதுதான். முதலில் யாழ்ப்பாணத்தில் ஓர் அலுவலகத்தில் கட்டடப் படம் கீறினாள். பிறகு கணினியில் தானாகவே பழகி, இப்போது வீட்டில் இருந்தபடி மெல்பேணில் உள்ள ஒரு நிறுவனத்துக்கு வேலை செய்கிறாள். ஒரு கட்டடத்தைக் கட்டுவதற்கு முன்பே அதைக் கணினிக்குள் கட்டி, ஒரு வருசத்து வெயிலையும் மழையையும் காற்றையும் அதற்குள் விட்டு, உள்ளே எவ்வளவு புழுங்கும், எவ்வளவு மின்சாரம் தின்னும் என்று பார்த்துச் சொல்கிற வேலை. சுவருக்கும் கூரைக்கும் கணக்குப் பார்க்க ஆட்கள் தாராளமாக இருக்கிறார்கள். கட்டடத்துக்கு அடியில் இருக்கிற நிலம் எத்தனை பாகை சூடு என்று கேட்டால்தான் எல்லோரும் மேலே பார்ப்பார்கள். அம்பிகை மட்டும் கீழே பார்த்தாள்.

அதற்கும் ஒரு காரணம் இருந்தது. அவள் முதன்முதலாகச் செய்த கணக்கு வன்னியில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு. வந்த விடையைப் பார்த்து அவள் அறைக்குள் துள்ளினாள். சித்திரை வெயிலிலும் பிள்ளைகளுக்கு மின்விசிறி தேவையில்லையாம், நிலமே வகுப்பறையைக் குளிரப்பண்ணிவிடுமாம். துள்ளி முடிந்து ஒரு தேத்தண்ணி குடித்த பிறகுதான் உள்ளே போய்த் தேடினாள். நிலத்தின் வெப்பத்தை நாம் சொல்லாவிட்டால் அந்த மென்பொருள் தன்பாட்டில் பதினெட்டுப் பாகை என்று எடுத்துக்கொள்கிறது. குளிர் நாட்டில் பிறந்த மென்பொருள், பாவம், அதற்கு வேறென்ன தெரியும். வன்னி மண்ணுக்கு மலைநாட்டு நுவரெலியாவின் மார்கழிக் குளிரைக் கொண்டுவந்து விரித்திருக்கிறது. அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் அம்பிகைக்கு விக்கல் எடுத்தது. அன்றிலிருந்து நிலம் என்றால் அவளுக்குப் பைத்தியம்.

அந்தப் பைத்தியத்தில் அவள் கண்டுபிடித்த ஒன்றை எல்லோரிடமும் சொல்லுவாள், கேட்டாலும் சொல்லுவாள், கேட்காவிட்டாலும் சொல்லுவாள். வெறும் வளவின் நிலம் வேறு, வீட்டுக்கு அடியில் உள்ள நிலம் வேறு. வீட்டைக் கட்டிவிட்டால் அதற்குப் பிறகு அந்த நிலத்துக்கு வெயிலும் தெரியாது, மழையும் தெரியாது, தலைக்கு மேல் இருக்கிற வீட்டைத்தான் தெரியும். வீடு குளிர்ந்தால் கொஞ்சம் கொஞ்சமாக அதுவும் குளிரும். வீடு வெந்தால் அதுவும் வேகும். இதை அவள் புத்தகத்தில் மட்டும் படித்ததில்லை. வேலணையிலும் மண்கும்பானிலும் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. வீட்டுக்காரர் கனடாவிலும் லண்டனிலும் இருக்க, பூட்டின் திறப்பு அம்பிகை மாதிரி ஒருத்தியிடம் இருக்கும். கிழமைக்கு ஒரு தடவை போய் யன்னலைத் திறந்து, கூட்டி, விளக்குக் கொளுத்திவிட்டு வர வேண்டும். அம்பிகை கூட்டி முடித்ததும் ஒவ்வொரு வீட்டு நிலத்திலும் படுத்துப் பார்த்துவிட்டுத்தான் வருவாள். பளிங்குக் கல் பதித்த மாளிகையின் நிலம்கூட, பூட்டிக் கிடந்தால், முதுகுக்குச் சூடாக இருக்கும். ஆள் புழங்குகிற ஓட்டு வீட்டில் பழைய சீமெந்து நிலம் சில்லென்று இருக்கும். ஊரில் அவள் படுத்துப் பார்க்காத நிலம் கோயில் நிலம் மட்டும்தான் என்று அன்ரனிதாஸ் சொல்லுவான். அதையும் அவன் சந்தேகத்தோடுதான் சொல்லுவான்.

அன்ரனிதாஸ் ஊர்காவற்றுறை மேசன். அம்பிகையின் அண்ணன் சுதாகரன் மண்கும்பானில் கட்டிக்கொண்டிருந்த வீட்டு வேலை அவன் கையில் இருந்தது. சுதாகரன் கனடாவுக்குப் போய் முப்பது வருசத்துக்கு மேல். தங்கையோடு போனில் கதைக்காத நாள் இல்லை, சண்டை பிடிக்காத கிழமையும் இல்லை. புது வீட்டுக்கு அத்திவாரம் எழும்பி, உள்ளே மணல் நிரப்பி, அடுத்தது நிலத்துக்குக் கொங்கிறீற்றுப் போடுவது என்ற நேரத்தில்தான் சுதாகரன் அந்தக் குண்டைப் போட்டான். கொங்கிறீற்றுக்கு அடியில் நாலு அங்குலத் தடிப்பில் றெஜிபோம் பலகை விரிக்க வேண்டுமாம். மீன் பெட்டி செய்வார்களே, அதே வெள்ளைச் சாமான்.

"என்னத்துக்கு அண்ணை?"

"கனடாவில எல்லா வீட்டுக்கும் போடுறது. நிலம் வெப்பத்தை உறிஞ்சாது."

"உறிஞ்சட்டும். உறிஞ்சத்தானே வேணும். இஞ்சை குளிராக் கிடக்கிற ஒரே சாமான் நிலம்தான், அதுக்கும் நீ கம்பளி போர்க்கப் போறியே?"

"உனக்கு ஒண்டும் விளங்காது. நிலத்துக் குளிர் எலும்புக்கை போகும். மேல மரப் பலகையும் அடிக்கச் சொல்லி இருக்கிறன்."

மரப் பலகையும் என்று கேட்டதும் அம்பிகை போனை மற்றக் காதுக்கு மாற்றினாள். அது அண்ணனுடைய காணி, அண்ணனுடைய வீடு. தனக்கு அங்கே ஒரு சொல்லுக்கும் உரிமை இல்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனால் இந்த வீட்டின் படத்தைக் கீறியவள் அவள். தென்மேற்குக் காற்று எந்த யன்னலால் வந்து எந்த யன்னலால் போகும், மதியத்தில் எந்த இடத்தில் நிலம் மிகக் குளிர்ந்திருக்கும் என்று பார்த்துப் பார்த்துக் கீறியிருந்தாள். இந்த வீட்டுத் திறப்பும் தன்னிடம்தான் வரும், கிழமைக்கு ஒருக்காலாவது அந்த இடத்தில் அரை மணித்தியாலம் கிடக்கலாம் என்பதுதான் அவளுடைய முழு ஆசையும். அதற்கு மேல் அவள் ஆசைப்படவில்லை. அதையும் மீன் பெட்டிக்குள் வைத்து மூடப் போகிறானே என்று ஆத்திரம் வந்து, வாய் தவறி ஒரு பந்தயம் கட்டிவிட்டாள்.

"எங்கட மண் இருபத்தொன்பது பாகைக்கு மேல போகாது. போனா உன்ர பலகையைப் போடு. போகாட்டி வெறும் சீமெந்து."

"ஓம். அளந்து காட்டு. எனக்கும் தெரியிற மாதிரி அளக்க வேணும்."

அவள் மெல்பேண் நிறுவனம் தந்திருந்த வெப்ப உணரி ஒன்றை எடுத்துக்கொண்டு மண்கும்பானுக்குப் பஸ் ஏறினாள். பென்சில் அளவில் ஒரு குழாய், அதிலிருந்து ஒரு நீள வயர், வயரின் முடிவில் சிம் போட்ட ஒரு சின்னப் பெட்டி. மணலுக்குள் குழாயைத் தாட்டால் வெப்பம் எவ்வளவு என்பது வேலணையில் அவளுடைய கணினியிலும் கனடாவில் அண்ணனுடைய போனிலும் ஒரே நேரத்தில் கோடாக ஓடும். மூலை அறை வரப்போகிற இடத்தில் முழ ஆழத்தில் தாட்டு, வெயில் படாமல் மேலே தறப்பாளை இழுத்துக் கட்டிவிட்டு வந்தாள். கொங்கிறீற்று வெள்ளிக்கிழமைக்கு என்று பேச்சு. அதற்கிடையில் கோடு ஒரு நிலைக்கு வந்துவிடும்.

வந்தது. இருபத்தொன்பதரை. பரவாயில்லை, கிண்டின மண் ஆற வேண்டும் என்று அம்பிகை மனதைத் தேற்றினாள். அடுத்த நாள் முப்பத்தொன்று. அதற்கடுத்த நாள் காலையில் பல் தீட்டிக்கொண்டே கணினியைப் பார்த்தவள் பற்பசையை விழுங்கிவிட்டாள். முப்பத்தாறு. மதியம் முப்பத்தெட்டரை.

போன் அடித்தது. சுதாகரன் சிரித்தான். வணக்கமும் இல்லை, சுகமும் விசாரிக்கவில்லை, வெறும் சிரிப்பு.

"எங்கட மண் எண்டாய், என்ன? இது மண்ணோ, தோசைக் கல்லோ? பலகை ஆறு அங்குலமாப் போடச் சொல்லு."

"இப்பிடி நடக்க ஏலாது அண்ணை."

"கோடு என்ர போனிலயும் ஓடுது. நடக்க ஏலாதது நடந்துகொண்டிருக்குது."

அவன் வழக்கத்தை விடவும் உற்சாகமாக இருந்தான். பின்னால் ஏதோ வாகனச் சத்தமும் கேட்டது. அம்பிகை அதையெல்லாம் கவனிக்கிற நிலையில் இல்லை. உணரி பழுதோ என்று பார்த்தாள், இல்லை. தான் இத்தனை வருசம் படித்தது பிழையோ என்று யோசித்தாள். ஒன்றும் புரியாமல் அன்ரனிதாஸுக்குப் போன் எடுத்து, "மண்ணுக்கடியில முப்பத்தெட்டு எண்டு காட்டுது, என்ன எண்டு பாரும்" என்று சொன்னாள். அவனிடம் சொன்னதுதான் அவள் விட்ட பெரிய பிழை. அவன் தேத்தண்ணிக் கடையில் இருந்தான்.

பின்னேரத்துக்குள் மண்கும்பானில் வெந்நீர் ஊற்று வந்துவிட்டது. திருகோணமலைக் கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறு என்றால் இங்கே எட்டாவது. சாட்டிக் கடற்கரைக்கு வந்த ஆட்கள் திரும்பிப் போகும்போது வான் வண்டியை நிற்பாட்டி அத்திவாரத்தை எட்டிப் பார்த்தார்கள். யாரோ ஒருவர் அம்பிகைக்குப் போன் எடுத்து, அந்தத் தண்ணீர் முழங்கால் வாதத்துக்கு நல்லதோ என்று விசாரித்தார். தண்ணீரே இல்லை என்று அவள் சொன்னாள். அப்போ ஆவியோ என்று அவர் கேட்டார். ஆவி என்றால் வாதத்துக்கு இன்னும் நல்லதாம். வேறொருவர், இது எண்ணெய், அரபு நாட்டில் இப்படித்தான் தொடங்கினது என்று அடித்துச் சொன்னார். அடுத்த நாள் காலை மண்கும்பானுக்குப் போகிற பஸ்ஸில் கண்டக்டர் அவளுக்கு முன் சீற்றைத் துடைத்துக் கொடுத்தான். கவலையோடு ஏறியவளுக்கு அதில் சிரிப்பு வந்து, சிரிப்பை அடக்க யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அத்திவாரத்தடியில் அன்ரனிதாஸ் மண்வெட்டியோடு காத்திருந்தான். றெஜிபோம் பலகை லொறியில் வந்து, இறக்காமல் நின்றது.

"அக்கா, நான் மாதாவைக் கும்பிட்டுட்டுத்தான் வந்தனான். நீங்கள் முதல்ல வெட்டுங்கோ."

"நீர் மேசனோ நான் மேசனோ? வெட்டும்."

தறப்பாளை இழுத்ததும் ஒரு வாசனை வந்தது. அம்பிகை மூக்கை நீட்டினாள். அன்ரனிதாஸும் நீட்டினான். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். எண்ணெயும் அப்படி மணக்காது, வெந்நீரும் அப்படி மணக்காது. அவன் மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கையால் மணலைக் கிளறினான். மணலுக்குக் கீழே சாக்கு, சாக்குக்குக் கீழே வாழைச்சருகு, சருகுக்குள்ளிருந்து புகையும் பழ வாசமும் ஒன்றாக அடித்துக்கொண்டு வந்தன. மஞ்சள் மஞ்சளாக, ஒரு முழுக் கதலிக்குலை. குலையின் அடியில், சீப்புக்கும் சீப்புக்கும் நடுவில், மெல்பேண் நிறுவனத்தின் உணரி சொகுசாகச் செருகப்பட்டிருந்தது. பக்கத்தில் தேங்காய்ப் பொச்சுச் சாம்பலோடு ஒரு மண்முட்டி.

அடுத்த வளவிலிருந்து அன்னப்பிள்ளை சீலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடி வந்தாள்.

"ஐயோ பிள்ளை, இண்டைக்குத் திறக்கக் கூடாது. புகை போகப் போகுது."

"அன்னப்பிள்ளையக்கா, இது உங்கட குலையோ?"

"என்ர குலைதான். என்ர வளவு முழுக்கக் கல்லு, அலவாங்கு போட்டாலும் கிடங்கு வெட்ட ஏலாது. இஞ்சை நல்ல பூ மணல், தறப்பாளும் கட்டி இருந்தது. குலையைத் தாட்டுப் பழுக்க வைக்கிறதுக்கு எண்டே செய்து வச்ச மாதிரி. விடியப்புறத்தில வந்து புகை ஊதிப்போட்டுப் போறனான். உள்ளை உன்ர வயர் ஒண்டு கிடந்தது. உடைஞ்சு போகக் கூடாது எண்டு குலைக்குக் கீழ பத்திரமா வச்சுவிட்டனான்."

பத்திரமாக வைத்தாளாம். அம்பிகை அத்திவாரக் கட்டின்மேல் குந்திச் சிரிக்கத் தொடங்கினாள். தொடங்கியது நிற்கவில்லை. எட்டாவது வெந்நீர்க் கிணறு, அரபு நாட்டு எண்ணெய், வாதத்துக்கு ஆவி, எல்லாம் ஒரு கதலிக்குலை பழுத்த சூடு. கண்ணைத் துடைத்துக்கொண்டு, இவ்வளவு பழம் யாருக்கு என்று கேட்டாள். அன்னப்பிள்ளையின் முகம் மாறியது.

"அதைச் சொல்ல ஏலாது. சத்தியம் பண்ணிக் குடுத்திட்டன்."

"ஆருக்கு?"

"சத்தியத்தை வாங்கினவருக்கு."

இந்த நேரத்தில் றோட்டில் ஒரு வான் வந்து நின்றது. கதவு திறந்து, கறுப்புக் கண்ணாடியும் அரைக் காற்சட்டையும் தொந்தியுமாக ஒருவர் இறங்கினார். கொழும்பிலிருந்து விடிய விடிய வந்த முகம். அம்பிகைக்கு ஆள் பிடிபடச் சில கணம் ஆனது. பிடிபட்டதும் கிடங்கைத் தாண்டிக் குதித்து ஓடினாள். சுதாகரன் அவளைக் கட்டிக்கொண்டு, அவளுடைய தோளுக்கு மேலாகக் கிடங்கை எட்டிப் பார்த்தான்.

"ஏன் குலையைத் தோண்டினீங்கள்? நாளைக்கெல்லோ திறக்கச் சொன்னனான்."

மண்கும்பான் முழுக்கக் கேட்கிற மாதிரி நாலு பேரும் சிரித்தார்கள். கடைப் பழம் தின்று தின்று நாக்குச் செத்துப்போனதால், வருவதை யாருக்கும் சொல்லாமல், மண்ணில் தாட்டுப் புகை ஊதின கதலிப்பழம் வேண்டுமென்று அன்னப்பிள்ளைக்கு மட்டும் கனடாவிலிருந்து போன் எடுத்துச் சொல்லியிருந்தான் சுதாகரன். அந்தப் பழத்தின் சூட்டைத்தான் மண்ணின் சூடு என்று வழி முழுக்கப் போனில் பார்த்துப் பார்த்துச் சிரித்திருக்கிறான்.

அம்பிகை உணரியைத் துடைத்து, கிடங்கிலிருந்து எட்ட, எதிர் மூலையில் புதிதாகத் தாட்டாள். கோடு நிலைக்கு வருமட்டும் எல்லோரும் அத்திவாரக் கட்டின்மேல் வரிசையாகக் குந்திப் பழம் தின்றார்கள். சுதாகரன் எத்தனை தின்றான் என்று கேட்காதீர்கள். தோலைப் போட இடமில்லாமல் தொப்பியைக் கழற்றி வைத்தான். தின்னத் தின்ன அவனுக்குக் கண் கலங்கியது, புகை என்று சொன்னான்.

பிறகு அம்பிகை போனைப் பார்த்தாள். பார்த்தவள் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"எத்தனை?" என்றான் சுதாகரன்.

இருபத்தெட்டேமுக்கால் என்று சொல்லியிருக்கலாம். அவன் தன் போனை வானுக்குள் போட்டுவிட்டு வந்திருந்தான், கையெல்லாம் பழம். அம்பிகைக்கு நிலத்தைப் பற்றிப் பொய் சொல்ல வரவில்லை.

"இருபத்தொன்பதரை."

"அப்ப நான் வெண்டன்."

"ஓம். ஆனா இது வெறும் மண் அண்ணை. மேல வீடு வந்தா மாறும். நான் கணக்குப் பாத்தனான். வீட்டில ஆள் இருந்து, இரவில யன்னலைத் திறந்து காத்து விட்டா, வருசம் ரெண்டில அடியில இருபத்தெட்டுக்கு இறங்கும். பலகை போட்டா அந்தக் குளிர் மேல வராது."

"ஆள் இல்லாட்டி?"

அம்பிகை மணலைக் காலால் கீறினாள். அவள் படுத்துப் பார்த்த பூட்டின வீடுகள் எல்லாம் ஒவ்வொன்றாக முதுகில் உறைத்தன.

"பூட்டிக் கிடந்தா முப்பத்தொண்டு. நான் கிழமைக்கு ஒருக்கா வந்து திறந்தாலும் அவ்வளவுதான். நீ ரெண்டு வருசத்துக்கு ஒருக்காத்தான் வருவாய். அதாலை நான்தான் தோத்தன், பலகையைப் போடு."

சொல்லிவிட்டாள். சொல்ல எவ்வளவு கஷ்டப்பட்டாள் என்பது அவளுக்குத்தான் தெரியும். சுதாகரன் பழத் தோலைக் கையில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தான்.

"எடி, ஆர் பூட்டப் போறது?"

"நீதான்."

"நான் ஏன் பூட்டுவன். நீ இருக்கேக்கை."

"நான் எங்கை இருக்கிறது?"

"இஞ்சைதான். காணி உன்ர பேரில எழுதி ஆறு மாசம். வீடு குடிபுகேக்கை சொல்லுவம் எண்டு வச்சிருந்தனான். கனடாவுக்குப் போன முதல் பனிக்காலம், நிலவறையில வெறும் நிலத்தில படுத்து எனக்கு இடுப்புப் பிடிச்சது, இண்டைக்கும் நிமிர ஏலாது. நீ வீடியோவில நிலத்தில கிடக்கிறதைப் பாக்கேக்கை எல்லாம் எனக்கு முதுகு கூசும். அதுதான் பலகை எண்டனான். நீ ஆருக்கு எண்டு நினைச்சு இந்தப் படத்தைக் கீறினனி?"

அம்பிகை அத்திவாரத்துக்குள் இறங்கி மணலில் நின்றாள். யன்னல்கள், தென்மேற்குக் காற்று, மதியத்தில் மிகக் குளிர்கிற அந்த இடம், எல்லாவற்றையும் கிழமைக்கு ஒரு அரை மணித்தியாலத்துக்கு என்று நினைத்துக் கீறியிருக்கிறாள். தினமும் என்று நினைக்க அவளுக்குத் துணிவு வந்ததே இல்லை. அன்னப்பிள்ளை மூக்கைச் சிந்தினாள்.

லொறிக்காரன் ஹோன் அடித்தான். அன்ரனிதாஸ் கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு எழும்பி வந்தான்.

"அண்ணை, பலகையை இறக்கிறதோ, திருப்பி அனுப்புறதோ?"

"என்னட்டைக் கேக்காதையும்," என்றான் சுதாகரன். "வீட்டுக்காரியைக் கேளும்."

அன்ரனிதாஸ் திரும்பி, மணலில் நின்ற அம்பிகையைப் பார்த்து, ஏனோ தொப்பியைக் கழற்றினான்.

"வேண்டாம்," என்றாள் அம்பிகை. முதல் தடவை சத்தம் வெளியே வரவில்லை. இரண்டாம் தடவை சொன்னது லொறிக்காரனுக்கும் கேட்டது.